வீட்டு மரம்தானேன்னு வெட்டிடாதீங்க! கோடாரி வைக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

நெல்லை:

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம். தாத்தா வைத்தது. பட்டாவும் நம்ம பேரில்தான் இருக்கு. வீடு கட்டணும், கார் நிறுத்த இடம் வேணும், இல்லாவிட்டால் மகள் கல்யாணச் செலவுக்கு காசு வேணும். மர வியாபாரி வந்து பார்க்கிறார், விலை பேசுகிறார், மறுநாள் காலையில் மெஷின் ரம்பத்தோடு ஆள் வந்துவிடுகிறது. யாரிடமாவது கேட்கணுமா என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை.

"என் இடம், என் மரம், யாரு கேக்கப் போறா?" என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்வது. இந்தப் பேச்சில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளை மாட்டிவிடும்.

சரியான பாதி எது என்றால், தமிழ்நாட்டில் சமவெளிப் பகுதியில், சொந்தப் பட்டா இடத்தில் நிற்கும் மா, வேம்பு, முருங்கை, தென்னை போன்ற சாதாரண மரங்களை வெட்ட வனத்துறை அனுமதி என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. டெல்லியிலும் மும்பையிலும் இருப்பது போல எல்லா மரத்துக்குமான சட்டம் இங்கே இல்லை.

ஆனால் சில மரங்களுக்கு தனிச் சட்டம் இருக்கு. சில ஊர்களுக்கு தனிச் சட்டம் இருக்கு. சில இடங்களில் மரம் நம்ம கண் முன்னாடி நின்றாலும் அது நம்ம மரமே இல்லை. இதில் ஏதாவது ஒன்றில் சிக்கினால் மரம் போகும், ஏற்றிய லாரி போகும், கேசு மட்டும் நம்மோடு வரும். வெட்டின பிறகு "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றால் எடுபடாது. விழுந்த மரத்தை யாராலும் நிமிர்த்தி வைக்கவும் முடியாது.

எனவே கோடாரி வைக்கும் முன் நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. என்ன மரம்? எந்த ஊர்? யார் இடம்? மரத்துல என்ன இருக்கு?

கேள்வி 1: என்ன மரம்?

சந்தனம்: முதல் எச்சரிக்கை இதற்குத்தான். சந்தன மரத்தை யாரும் நடாமலேயே அது தோட்டத்தில் முளைக்கும். பழத்தை தின்ற பறவை எச்சத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். பக்கத்தில் உள்ள செடியின் வேரில் ஒட்டி சத்தை உறிஞ்சி வளரும். கருநீலத்தில் சின்னச் சின்ன பழம் காய்க்கும். இலையைக் கசக்கினால் வாசம் வராது. வாசம் எல்லாம் உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில்தான். அதனால் பலர் வீட்டில் சந்தனம் நிற்பதே அவர்களுக்குத் தெரியாது. ஏதோ காட்டு மரம் என்று வெட்டிப் போட்டபிறகுதான் விஷயம் வெளியே வரும்.

ஒரு காலத்தில் பட்டா இடத்தில் நின்றாலும் சந்தனம் சர்க்காருக்குத்தான் சொந்தம் என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. பட்டா இடத்தில் நிற்கும் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனால் அவரே வெட்டக்கூடாது. இதற்கென்று 2008-ல் தனி விதிகள் வந்தன. மாவட்ட வன அலுவலருக்கு மனு கொடுக்கணும். வனத்துறை வந்து பார்த்து, அளந்து, வெட்டி, கிடங்குக்கு கொண்டுபோய் ஏலத்தில் விற்று, துறைக்கு உள்ள பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்கு கொடுக்கும்.

ஆகவே சந்தன மரம் நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு வரவேண்டிய காசு. ராத்திரியோடு ராத்திரியாக தரகரிடம் தள்ளிவிட்டால்தான் ஆபத்து. மரம் தானாக காய்ந்தாலோ, காற்றில் சாய்ந்தாலோ, திருடன் வெட்டிக்கொண்டு போனாலோகூட உடனே வனத்துறைக்கும் போலீசுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்க.

தோதகத்தி: ஈட்டி மரம் என்றும் சொல்வார்கள். இதைக் காப்பாற்ற தமிழக அரசு 1994-ல் தனிச் சட்டமே போட்டது. பட்டா இடத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். இத்தனை வருஷத்துக்கு என்று கெடு வைத்து வந்த சட்டம் அது. 2010-ல் மேலும் 15 வருஷம் நீட்டிக்கப்பட்டது. கெடு வைத்த சட்டம் என்பதால் யாரோ சொன்ன பழைய தகவலை நம்பாமல், வெட்டுவதற்கு முன் வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. அந்தச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், தோதகத்தி கட்டையை ரோட்டில் கொண்டுபோக வனத்துறை பர்மிட் வேணும்.

தேக்கு: நம்ம பக்கம் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். சமவெளியில் பட்டா இடத்தில் வளர்த்த தேக்கை வெட்டவே கூடாது என்று தடை இல்லை. ஆனால் வெட்டின கட்டையை லாரியில் ஏற்றி ரோட்டில் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேணும். 1968-ம் ஆண்டு மரக்கட்டை போக்குவரத்து விதிகளில் இது இருக்கு. அந்தச் சீட்டு வாங்க மரம் உங்க இடத்தில் நின்றது என்பதற்கு வி.ஏ.ஓ. சான்று வேணும். வெட்டி அடுக்கின பிறகு போய்க் கேட்டால், "மரம் எங்க நின்னுச்சுன்னு நாங்க எப்படிப் பாக்குறது?" என்ற கேள்விதான் வரும். நிற்கும்போதே காட்டிவிட்டால் பிரச்சினை இல்லை.

புளியரை வழியாக கேரளாவுக்கு கட்டை போகிறது என்றால் செக்போஸ்டில் முதலில் கேட்பதே இந்தச் சீட்டைத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

பனை: தென் மாவட்டத்துக்காரர்கள் இதை இரண்டு தடவை படிங்க. 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. செங்கல் சூளைக்கு விறகாகவே ஏராளமான பனைகள் போய்விட்டன. இதனால் 2021 ஆகஸ்டில் வெளியான முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. தோட்டத்து வரப்பில் நிற்கும் பனைதானே, நமக்குத்தானே சொந்தம் என்று சூளைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன் கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்க.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கருப்பட்டிக்கு பதனீர் தரும் பனை, விதை போட்டு பலனுக்கு வர 15 வருஷத்துக்கு மேல் ஆகும். வெட்ட கால் மணி நேரம் போதும்.

சீமைக்கருவேலம்: இது நேர் எதிர். இதை அகற்றச் சொல்லி 2017-ல் ஐகோர்ட்டு மதுரை கிளையே உத்தரவு போட்டது. சொந்த இடத்தில் நின்றால் தாராளமாக வெட்டலாம். ஆனால் குளத்திலும் புறம்போக்கிலும் நிற்பதை நாமே வெட்டி விற்க முடியாது. அது அரசு ஏலம் விட்டு எடுக்க வேண்டியது.

கேள்வி 2: எந்த ஊர்?

சமவெளியில் பலா மரத்தை வெட்டுகிறவருக்கு உள்ள சட்டம் வேறு, ஊட்டியில் வெட்டுகிறவருக்கு உள்ள சட்டம் வேறு. நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அமலில் உள்ளது. அங்கே பட்டா இடத்து மரமாக இருந்தாலும் கலெக்டர் தலைமையிலான கமிட்டியிடம் அனுமதி வாங்கணும். மலையில் மரத்தின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. வேர் போனால் அடுத்த மழைக்கு மண் சரியும், கீழே உள்ள வீட்டின் மேல் வந்து விழும். சட்டம் கடுமையாக இருப்பதற்கு காரணம் இதுதான்.

இன்னொன்று தனியார் காடு. 1949-ம் ஆண்டுச் சட்டப்படி தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம் என்றால் பட்டா கையில் இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மலை அடிவாரத்தில் தோட்டம் வாங்குகிறவர்கள் பத்திரம் முடிக்கும் முன்பே இதை விசாரிச்சுக்கோங்க.

மகன் பெங்களூரில், மருமகன் மும்பையில் என்று இருக்கும் குடும்பங்கள் நம்ம மாவட்டத்தில் ஏராளம். நம்ம ஊர் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் வம்பு. மகாராஷ்டிர நகரங்களில் 1975 முதலும், கர்நாடகத்தில் 1976 முதலும், டெல்லியில் 1994 முதலும் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சொந்த வீட்டு காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வாங்கணும். சில வகை மரங்களுக்கு விலக்கு இருக்கலாம், ஆனால் அதையும் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

ஒரு மரத்துக்கு ரூ.1 லட்சம்

தனியார் இடம் என்றால் கோர்ட்டு கண்டுக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உத்தரபிரதேசத்தில் தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பகுதியில் கோர்ட்டு அனுமதி இல்லாமல் மரம் வெட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு இருக்கு. 2024 செப்டம்பரில் அந்த எல்லைக்குள் மதுரா பக்கம் ஒரு தனியார் நிலத்தில் 454 மரங்கள் வெட்டப்பட்டன.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2025 மார்ச்சில் வந்த உத்தரவில் ஒரு மரத்துக்கு ரூ.1 லட்சம் வீதம் அபராதம். 454 மரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்க. ரூ.4½ கோடிக்கு மேல் வரும். இது நம்ம ஊர் சட்டம் இல்லைதான். ஆனால் சொந்த இடம் என்ற ஒரே வார்த்தை கோர்ட்டில் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட பெரிய சாட்சி வேண்டாம்.

கேள்வி 3: யார் இடம்?

மரத்தைப் பார்க்கும் முன் அது நிற்கும் மண்ணைப் பாருங்க.

வாசலில் நிற்கும் மரம்: "நான்தான் வச்சேன், நான்தான் தண்ணி ஊத்துனேன்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நின்றால் அது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அல்லது நெடுஞ்சாலைத்துறை மரம். கிளை கழிக்கக்கூட கேட்கணும். அரசு இடத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவெடுக்க 2021-ல் மாவட்டம்தோறும் கலெக்டர் தலைமையில் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. கவுன்சிலர் வாய்வார்த்தையாக சரி என்று சொன்னார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

மரப்பட்டா: 2-சி பட்டா என்று சிலர் வைத்திருப்பார்கள். புறம்போக்கில் நிற்கும் புளி, பனை போன்ற மரங்களின் பலனை அனுபவிக்க கொடுப்பது அது. காயைப் பறிக்கலாம். மரத்தை வெட்டி விற்க அது உரிமை தராது.

கோவில் இடம்: அடிமனை வாடகை கட்டி தலைமுறையாக குடியிருப்பவர்கள் உண்டு. வீடு நம்ம பெயரில் இருந்தாலும் மண் கோவிலுக்குச் சொந்தம். மரத்தில் கை வைக்கும் முன் கோவில் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்க.

வாடகை வீடு: குடியிருப்பவர் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கு. இலை குப்பை விழுகிறது என்று வெட்டிவிட்டால் அட்வான்சில் கழிப்பதோடு முடியாது, வீட்டுக்காரர் கோர்ட்டுக்கும் போகலாம்.

கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் இருந்தால் நாலு பேர் கையெழுத்தும் வேணும். ஊரில் இருக்கும் தம்பி வெட்டி, துபாயில் இருக்கும் அண்ணன் போலீசில் புகார் கொடுத்து, ஒரு மரத்துக்காக பேச்சுவார்த்தையே அறுந்துபோன குடும்பங்கள் எத்தனையோ.

பக்கத்து வீட்டு மரம்: அவங்க வீட்டு மாமரக் கிளை நம்ம மொட்டை மாடிக்கு வந்தால் நம்ம எல்லைக்குள் வந்த அளவுக்கு கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவங்க இடத்துக்குள் இறங்கக்கூடாது, தூரில் கை வைக்கக்கூடாது. வேரில் ஆசிட் ஊற்றுவது, துளை போட்டு மருந்து வைப்பது எல்லாம் சேதம் விளைவித்த குற்றத்தில் வரும். முதலில் "அண்ணாச்சி, கிளை இந்தப் பக்கம் வந்துட்டு, கொஞ்சம் கழிச்சு விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. பாதி சண்டை அங்கேயே முடியும். மரம் சரியாக எல்லைக்கல் மேலேயே நிற்கிறதா? சர்வேயரை வைத்து அளக்காமல் யாரும் தொடாதீங்க.

கேள்வி 4: மரத்துல என்ன இருக்கு?

வெட்டுவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. கூடு இருக்கா? பொந்துக்குள் கிளி, ஆந்தை இருக்கா? 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையை, கூட்டை சேதப்படுத்துவதும் வேட்டை என்ற கணக்கில்தான் வரும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இல்லை.

நம்ம மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் கூந்தன்குளம். அங்கே குளத்துக்கு வரும் நாரைகள் ஊருக்குள் வீட்டுப் பின்னால் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டும். எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும். ஆனாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவது இல்லை, குஞ்சு பொரித்துப் போகும் வரை மரத்தைத் தொடுவதும் இல்லை. கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை சில வாரம் பொறுத்துக்கொள்வதே நமக்கும் நல்லது.

அதேபோல் மரத்தை ஒட்டி கரண்ட் கம்பி போகிறதா என்று பாருங்க. போனால் மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் சொல்லி, சப்ளையை நிறுத்தின பிறகுதான் ஆள் ஏறணும். இதில் அவசரப்பட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

விழப்போற மரத்துக்கு என்ன செய்ய?

2017 நவம்பர் 30-ந்தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரியை புரட்டிப் போட்டபிறகு, வீட்டை ஒட்டி நிற்கும் பெரிய மரத்தைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள் அதிகம். பயம் நியாயம்தான். மரம் உங்க இடத்தில், சாதாரண வகை என்றால் நீங்களே ஆள் வைத்து எடுக்கலாம்.

அடுத்தவர் இடத்திலோ அரசு இடத்திலோ சாய்ந்து நிற்கிறது என்றால் போட்டோ எடுத்து, மனு எழுதி, உள்ளாட்சி அலுவலகத்திலும் தாசில்தாரிடமும் கொடுங்க. அசையவில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம் போங்க. விழுந்து ஆளுக்கு ஆபத்து உண்டாக்கும் நிலையில் உள்ள மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 152-வது பிரிவு.

மழை நேரத்தில் மரம் ரோட்டிலோ வீட்டின் மேலோ விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையை கூப்பிடுங்க. வெட்டி எடுக்கும் முன் நாலு போட்டோ எடுத்து வையுங்க. பின்னால் யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

எங்கே போய் கேட்பது?

* முதலில் பட்டா, சிட்டா பாருங்க. வருவாய்த்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். இடம் யார் பெயரில் இருக்கிறது என்பது அதில் தெரிஞ்சுடும்.

* அடுத்து வி.ஏ.ஓ. அடங்கலில் உங்க இடத்து மரம் பதிவாகி இருக்கா என்று கேளுங்க. மரம் உங்களுடையது என்பதற்கு இதுதான் ஆதாரம்.

* என்ன மரம் என்று தெரியவில்லையா? பூ, காய், இலை, பட்டை நாலையும் போட்டோ எடுத்துக்கொண்டு வனச்சரகர் அலுவலகத்துக்குப் போங்க. பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

* சந்தனம், தோதகத்தி, தேக்கு என்றால் மாவட்ட வன அலுவலருக்கு மனு. பனை என்றால் கலெக்டருக்கு மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

* எங்கே மனு கொடுத்தாலும் ரசீது வாங்குங்க. பதிலை எழுத்தில் வாங்குங்க. "வெட்டிக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்று வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வியாபாரியிடம் ஜாக்கிரதை

"பர்மிட் எல்லாம் நான் பாத்துக்குறேன், நீங்க காசை மட்டும் வாங்கிக்கோங்க" என்று சொல்லும் தரகரிடம்தான் ரொம்ப உஷாராக இருக்கணும். வழியில் லாரி பிடிபட்டால் அவர் முதலில் காட்டுவது உங்க வீட்டைத்தான். வனச் சட்டப்படி கட்டை, ஆயுதம், வண்டி எல்லாமே பறிமுதல் ஆகும்.

விற்பதாக இருந்தால் பர்மிட்டை உங்க பெயரில் நீங்களே வாங்குங்க. எத்தனை மரம், என்ன வகை, என்ன சுற்றளவு, யாருக்கு விற்றது என்று ஒரு பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பர்மிட் கைக்கு வரும் வரை மரத்தில் ரம்பம் படக்கூடாது.

நடும்போதே பதிஞ்சு வையுங்க

இன்றைக்கு தேக்கு, சந்தனம், செம்மரம் என்று வீட்டுத் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் ஆசையாக நடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நட்டவுடன் வி.ஏ.ஓ.விடம் சொல்லி அடங்கலில் ஏற்றுகிறவர்கள் குறைவு. இருபது வருஷம் கழித்து மகனோ பேரனோ வெட்டப் போகும்போதுதான் "இந்த மரம் உங்களுதுன்னு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வரும். கன்று வாங்கின ரசீதையும் தூக்கிப் போடாமல் பட்டாவோடு சேர்த்து வைத்துவிடுங்க.

அனுமதி வாங்கி வெட்டினவர்கள் அதே வாரத்தில் வேறு கன்றும் நட்டுவிடுவது நல்லது. வனத்துறை நர்சரிகளில் கன்று கிடைக்கும். ரேஞ்சர் ஆபீசுக்கு மனுவோடு போகும்போதே அதையும் விசாரிச்சுட்டு வாங்க.